தலைக்கு ஊற்றிய பிறகு

திருப்புலிவனம்
12-12-1982

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும் சுலோச்சனா வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நைனா, அம்மா, நான் மூன்று பேரும் சுகம். அக்கா, உன் கை விரல் வீக்கம் வடிந்ததா? காலையில் எழுந்ததும் விரலை மடக்க முடியவில்லை என்று போன கடிதத்தில் இருந்ததைப் படித்துக் காட்டியதிலிருந்து அம்மா மாவு ஆட்டும்போதெல்லாம் நின்று தன் கையைப் பார்த்துக்கொள்கிறாள்.

இந்த வருஷம் ஏரி நிரம்பி கலங்கல் வழியாக மிச்சத் தண்ணீர் வழிந்து போகிறது. சம்பா கதிர் வாங்கிவிட்டது. கிளி ஓட்ட நான்தான் போகிறேன். பள்ளிக்கூடத்தை விட்டு இரண்டு வருஷமாகிறது, பேச்சுத் துணைக்கு யாரும் இல்லை. வயலில் தகரத்தைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

போன பொங்கலுக்கு உனக்கு வரிசை கொண்டுவரவில்லை என்று உன் மாமியார் மதுராந்தகத்தில் நாலு பேரிடம் சொன்னாராம். அது அம்மா காதுக்கு வந்துவிட்டது. இந்த வருஷம் புது அரிசி, மஞ்சள், கரும்பு, புடவை எல்லாம் நைனா எடுத்துக்கொண்டு வருவார். நானும் அவருடன் வரட்டுமா? உன்னை ஆடி மாதம் பார்த்தது. அம்மாவிடம் கேட்டேன், உன்னைக் கேட்டு எழுதச் சொன்னாள்.

நீ எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும், மாமாவையே படிக்கச் சொல். மாமா, என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
சுலோச்சனா


கொரட்டூர், சென்னை
21-12-1982

சுலோச்சனாவுக்கு ஆசிகள். உன் அக்கா சொக்கம்மாள் சொல்ல, வேதகிரி எழுதுவது. பட்டறையில் வேலை அதிகம், அதனால் பதில் தாமதம். அத்தை, மாமா, நீ அனைவரும் ஆரோக்கியமாக இருப்பது அறிந்து சந்தோஷம்.

நீ வர வேண்டும் என்று உன் அக்கா தினமும் சொல்கிறாள். தலை வார அவளால் கையைத் தூக்க முடிவதில்லை. நான் வாரினால் பட்டறையில் இரும்புக்கு அரம் போடுவதுபோல இருக்கிறதாம். கட்டாயம் வா.

ஆனால் ஒரு விஷயம். போன வாரம் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னை உட்கார வைத்துச் சொன்னார். நோயின் பெயர் லூபஸ். வெளியிலிருந்து வரும் நோயை விரட்டுவதற்கு உடம்புக்குள் ஒரு சக்தி இருக்கிறது அல்லவா, அது இவளுக்குப் புத்தி மாறி இவள் மூட்டையும் தோலையுமே அடிக்கிறது. அதை அடக்கத்தான் வெள்ளை மாத்திரையும் மஞ்சள் மாத்திரையும். மாத்திரை அதை அடக்கிவிடுவதால், வெளியிலிருந்து நோய் வந்தால் தடுக்க உள்ளே ஆள் இல்லை. நமக்கு நாலு நாளில் போகும் சளி ஜுரம் இவளுக்கு நெஞ்சில் இறங்கி உயிரையே எடுத்துவிடும் என்றார். சளி, இருமல், ஜுரம் உள்ளவர்கள் பக்கத்தில் வரவே கூடாது. வந்து போயிருந்தாலும், நன்றாக விட்டுப் பத்து நாளாவது ஆகியிருக்க வேண்டும்.

இதை அத்தை, மாமா இருவருக்கும் நன்றாகப் படித்துக் காட்டு. வீட்டில் படிக்கத் தெரிந்தவள் நீ ஒருத்திதான்.

உன் அக்கா இன்னும் ஒன்று எழுதச் சொல்கிறாள். மாத்திரையால் முகம் பூசணிக்காய் மாதிரி ஊதியிருக்கிறதாம், பார்த்ததும் நீ அழக் கூடாதாம்.

இப்படிக்கு,
வேதகிரி


திருப்புலிவனம்
8-1-1983

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும் வணக்கம். உங்கள் கடிதத்தை அன்றே வீட்டில் படித்துக் காட்டினேன். உங்கள் இருவரின் உடல்நிலையும் இந்த வாரம் நன்றாக இருக்கும் என்று நம்புகிறோம்.

செவ்வாய்க்கிழமை காலை முதல் பஸ்ஸில் நைனாவும் நானும் புறப்படுகிறோம். தாம்பரத்தில் இறங்கி ரயில் ஏறி மத்தியானம் வந்துவிடுவோம். உங்கள் வீடு ஒரே அறை என்பதால் நைனா வில்லிவாக்கத்தில் பெரியப்பா மகன் வீட்டில் தங்கிக்கொள்கிறார். வியாழக்கிழமை திரும்பினால்தான் இங்கே பொங்கலுக்கு இருக்க முடியும்.

ஊரில் அங்கங்கே சளி ஜுரம் இருக்கிறது. நம் வீட்டில் இப்போது யாருக்கும் இல்லை. நான் இன்று காலை தலைக்கு ஊற்றிக்கொண்டேன். அதனால் வருவதற்குத் தடை ஒன்றும் இல்லை.

அக்காவுக்கு அம்மா எள்ளடை செய்கிறாள். மற்றவை நேரில்.

சுலோச்சனா


திருப்புலிவனம்
17-1-1983

அன்புள்ள அக்காவுக்கு, நாங்கள் பத்திரமாக வந்து சேர்ந்தோம். பொங்கல் நல்லபடியாக முடிந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உனக்கு எப்படி இருக்கிறது? மாமாவுக்கு எப்படி இருக்கிறது?

மாட்டுப் பொங்கலன்று கிடாரிக் கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, சிட்டம்மாள் அத்தை வாசலில் காய வைத்திருந்த மிளகாய் எல்லாவற்றையும் மிதித்துவிட்டது. அத்தை அதைத் திட்டாமல் நைனாவைத் திட்டினார்கள். நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

நான் பின்னிவிட்ட பின்னல் இன்னும் இருக்கிறதா? உனக்கு உடம்பு சூடு ஏதாவது இருக்கிறதா? தொண்டை கரகரப்பு, தும்மல் ஏதாவது? சும்மாதான் கேட்கிறேன். ஒன்றும் இல்லை என்றால் அப்படியே ஒரு கார்டு போட்டால் போதும். உடனே போட்டால் நல்லது. மாமா, உங்களுக்கு வேலை இருக்கும் என்று தெரியும், இரண்டு வரி போதும்.

அக்கா, வெந்நீர் குடி. பனியில் வெளியே போகாதே.

உன் சுலோ


கொரட்டூர்
21-1-1983

சுலோச்சனாவுக்கு. அத்தை, மாமாவிடம் பக்குவமாகச் சொல்லவும். பொங்கலுக்கு மறுநாளே உன் அக்காவுக்கு ஜுரமும் இருமலும் ஆரம்பித்தது. புதன்கிழமை மூச்சு வாங்கவே ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். படம் எடுத்ததில் இரண்டு பக்க நெஞ்சிலும் புகை மாதிரி இருக்கிறதாம்.

வீட்டில் யாருக்காவது சளி ஜுரம் இருந்ததா, விருந்தாளி யாராவது வந்தார்களா என்று டாக்டர் இரண்டு தடவை கேட்டார். மாமனாரும் கொழுந்தியாளும் வந்தார்கள், இருவரும் நல்ல சுகத்துடன்தான் வந்தார்கள் என்று சொன்னேன்.

அத்தையை மட்டும் அனுப்பினால் போதும். கூட்டம் சேர்க்க விடமாட்டார்கள். பயப்பட வேண்டாம்.

வேதகிரி


திருப்புலிவனம்
24-1-1983

மாமாவுக்கு வணக்கம். கார்டு கிடைத்தது. அம்மா இன்று காலை பஸ்ஸில் புறப்பட்டுவிட்டாள், இந்நேரம் வந்திருப்பாள். நைனா அறுப்புக்கு ஆள் விட்டிருப்பதால் வர முடியவில்லை. நான் இங்கே சமைத்துப் போடுகிறேன். நாங்கள் நன்றாக இருக்கிறோம்.

அக்கா சாப்பிடுகிறாளா? பேசுகிறாளா?

டாக்டர் அப்புறம் வேறு ஏதாவது கேட்டாரா? கேட்டால் என்ன கேட்டார் என்று எழுதுங்கள். இந்த ஜுரம் தானாகவும் வருமா என்று நீங்கள் அவரைக் கேட்டுப் பார்க்க முடியுமா? மாத்திரையாலேயே கூட வரும் என்று சொல்கிறார்களே.

நான் திங்கள், வெள்ளி இரண்டு நாளும் கோயிலுக்குப் போகிறேன். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

சுலோச்சனா


பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து
28-1-1983

சுலோச்சனாவுக்கு, உன் கடிதம் வந்தது. அத்தை இங்கே நல்லபடியாக இருக்கிறார்கள். அவர்களுக்கு இங்கே டாக்டர் பேசுவது புரியவில்லை, அதனால் உனக்கு எழுதுகிறேன். மாமாவிடம் சொல்.

சொக்கம்மாளுக்கு மூன்று நாளாக மூக்கில் குழாய் வைத்து ஆக்சிஜன் கொடுக்கிறார்கள். சளியைச் சோதித்ததில் காசநோய் இல்லை. டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். லூபஸ் நோயே நெஞ்சுக்கு ஏறியிருந்தால் மாத்திரையை இரண்டு பங்கு ஏற்ற வேண்டும். வெளியிலிருந்து தொற்றிய ஜுரம் என்றால் ஏற்றக் கூடாது, மஞ்சள் மாத்திரையை அடியோடு நிறுத்த வேண்டும். ஒன்றுக்குச் செய்வது மற்றதற்கு விஷம்.

வெளியிலிருந்து எதுவும் வர வழியில்லை, நான் யாரையும் வாசற்படி ஏற விட்டதில்லை என்று மறுபடியும் சொல்லியிருக்கிறேன். அப்படியானால் நோயேதான் என்று பெரிய டாக்டர் நினைக்கிறார். திங்கள்கிழமை வரை பார்த்துவிட்டு செவ்வாய்க்கிழமை காலை மருந்தை ஏற்றப் போகிறார்கள்.

இரண்டு நாளாக அவள் கண் திறந்து பார்க்கிறாள், பேசவில்லை. முடிந்தால் மாமாவை அனுப்பு.

வேதகிரி


திருப்புலிவனம்
31-1-1983, திங்கள்

மாமா,

உங்கள் கடிதம் இப்போதுதான், பத்து மணிக்கு வந்தது. தபாலில் போட்டால் இது உங்களுக்கு வியாழக்கிழமைதான் கிடைக்கும். அதனால் நைனா கையில் கொடுத்து அனுப்புகிறேன். சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருக்கிறேன். இதில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

டாக்டரிடம் சொல்ல வேண்டியதை முதலில் எழுதுகிறேன். ஜனவரி ஐந்தாம் தேதி புதன்கிழமை எனக்கு ஜுரம் வந்தது. உடம்பெல்லாம் வலி, தொண்டை வலி, இருமல். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜுரம் விட்டது. இருமல் விடவில்லை. அதற்கு நாலாம் நாள் அங்கே வந்தேன். இதை உடனே டாக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

ஜுரம் விட்டதும் அம்மா, "காலையில தலைக்கு ஊத்திடறேன், சரியாப் பூடும்" என்றாள். சனிக்கிழமை காலை மிளகும் மஞ்சளும் போட்டுக் காய்ச்சிய தண்ணீரை ஊற்றிவிட்டாள். இங்கே எங்களுக்கு அதுதான் முடிவு. அம்மை வந்தாலும் தலைக்கு ஊற்றிவிட்டால் வேப்பிலையை எடுத்துவிடுவோம், அப்புறம் யார் வீட்டுக்கும் போகலாம். சாதாரண ஜுரத்துக்கு வாசலில் வேப்பிலைகூடக் கிடையாது. அம்மா அந்த எண்ணத்தில்தான் என்னை அனுப்பினாள். அம்மாமேல் குற்றம் இல்லை. ஏனென்றால் பத்து நாள் விஷயம் அம்மாவுக்குத் தெரியாது.

நீங்கள் டிசம்பர் மாதம் எழுதிய கடிதத்தை வீட்டில் படித்துக் காட்டியபோது அந்த இடத்தை நான் படிக்கவில்லை. அப்போது எனக்கு ஜுரம் வரவில்லை, ஆனாலும் தாண்டிவிட்டேன். ஊரில் சளி ஆரம்பித்திருந்தது. அதைக் கேட்டால் அம்மா பயந்து என்னை அனுப்ப மாட்டாள் என்று தோன்றியது. உயிரையே எடுத்துவிடும் என்ற வரிக்கு வந்தபோது, அக்கா முகம் ஊதியிருக்கிறது என்ற வரிக்குப் போய்விட்டேன். அம்மா கேட்டுக்கொண்டே அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம், நான் தலைக்கு ஊற்றிக்கொண்டேன் என்று எழுதினேன். அது பொய் இல்லை. ஆனால் நீங்கள் அதை வேறு விதமாக எடுத்துக்கொள்வீர்கள் என்று தெரிந்துதான் எழுதினேன். மாதா மாதம் பெண்கள் தள்ளி இருந்துவிட்டுத் தலைக்கு ஊற்றிக்கொள்வோமே, அது என்று நினைப்பீர்கள். நீங்கள் ஆண்பிள்ளை, அந்த வரியை அக்காவுக்கு வேகமாகப் படித்துவிட்டுப் போய்விடுவீர்கள், ஒன்றும் கேட்க மாட்டீர்கள். இதை யோசித்து, இரண்டு காகிதம் கிழித்துப் போட்டு, மூன்றாவதில் அப்படி எழுதினேன். உங்கள் எதிரில் நிமிர்ந்து பேச வெட்கப்படுகிறவள் இதை எழுதக் கூச்சப்படவில்லை.

கொரட்டூரில் இருமல் வந்தபோதெல்லாம் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். பக்கத்து வீட்டு பாக்கியமேரி அக்கா, "இன்னாம்மா, உங்க ஊருல தண்ணியே கெடயாதா, கொழாயாண்டயே குடித்தனம் பண்ற?" என்று கேட்டுச் சிரித்தார்கள். நைனா வந்தபோதெல்லாம், ஜுரம் வந்த பேச்சை எடுத்துவிடுவாரோ என்று அவருக்கு முன்னால் நானே ஏதாவது பேசினேன். நான் இவ்வளவு பேசி நீங்கள் யாரும் பார்த்ததில்லை. "மெட்ராஸ் காத்து பட்டதும் ஊமைக்கு வாய் வந்துட்ச்சி" என்று அக்கா உங்களிடம் சொன்னாளே, அது இதுதான்.

இரண்டு நாளும் அவள் தலையை வாரினேன். கழுத்துக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் என் முகம். புதன்கிழமை அவள், "இன்னாடி, கை இவ்ளோ சூடா கீது?" என்று கேட்டாள். வெயிலில் நின்றேன் என்றேன்.

உங்கள் கார்டு வந்த அன்றே இதை எழுதியிருக்க வேண்டும். எழுதாமல், ஜுரம் தானாக வருமா என்று கேட்டு எழுதினேன். ஏழு நாள் போய்விட்டது.

நைனாவுக்கும் அம்மாவுக்கும் நீங்களே சொல்லிவிடுங்கள். நைனா சட்டை போட்டுக்கொண்டிருக்கும்போது சொல்லலாம் என்று பக்கத்தில் போனேன். "இன்னா கண்ணு, அக்காவுக்கு எதுனா சொல்லணுமா?" என்றார். கடிதத்தைக் கொடுத்தேன்.

சுலோச்சனா


கொரட்டூர்
9-2-1983

சுலோச்சனாவுக்கு.

உன் கடிதம் 31ஆம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்குக் கிடைத்தது. வார்டு வாசலில் நின்று முதல் பாதியைப் படித்துவிட்டு டாக்டரிடம் ஓடினேன். மறுநாள் ஏற்ற இருந்த மருந்தை ஏற்றவில்லை. மஞ்சள் மாத்திரையை அன்றே நிறுத்தினார்கள். வெள்ளை மாத்திரை பழைய அளவிலேயே. ஊசி வேறு போட்டார்கள். ஐந்தாம் நாள் ஜுரம் இறங்கியது. நேற்று மூக்குக் குழாயை எடுத்தார்கள்.

இதை முதல் நாளே சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

மஞ்சள் மாத்திரையை நிறுத்தியதால் மூட்டு வீக்கம் மறுபடி வந்துவிட்டது. கட்டிலிலிருந்து ஜன்னல் வரை நடந்தால் உட்கார்ந்துவிடுகிறாள். நெஞ்சு பழையபடி ஆகுமா என்பது போகப் போகத்தான் தெரியுமாம்.

கடிதம் முழுவதையும் அத்தைக்கும் மாமாவுக்கும் படித்துக் காட்டினேன். சொக்கம்மாளுக்கும் படித்தேன், ஒரு வரி விடவில்லை.

நான் கூப்பிடும் வரை நீ இங்கே வர வேண்டாம்.

வேதகிரி


திருப்புலிவனம்
6-3-1983

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும் வணக்கம். அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று நைனாவுக்கு யாரோ சொல்லித் தெரிந்தது. எனக்குக் கடிதம் இல்லை. இது நான் எழுதும் மூன்றாவது. முதல் இரண்டும் கிடைத்தனவா?

அம்மா திரும்பி வந்த அன்று என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. தலையில் இருந்த முக்காட்டைக்கூட எடுக்காமல், "எனுக்குப் படிக்கத் தெரிலன்னுதான இப்டிப் பண்ண?" என்று ஒரு தடவை கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை.

இப்போது வீட்டுக்கு வரும் காகிதம் எதையும் அம்மா என்னிடம் கொடுப்பதில்லை. போஸ்ட்மேன் அருள்தாஸையே வாசலில் நிற்க வைத்துப் படிக்கச் சொல்கிறாள். போன வாரம் உரக் கடையிலிருந்து வந்த நோட்டீசை அவர் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை, அச்சடித்தவர் பெயர் உட்படப் படித்தார். நான் உள்ளே கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். போகும்போது என்னைப் பார்த்து, "ஏம்மா, எட்டாவது படிச்ச பொண்ண வூட்ல வெச்சிக்கினு என் தொண்டையத் தேய்க்கிறாங்களே, இன்னா வெவகாரம்?" என்றார்.

அக்கா, என்னைத் திட்டி எழுதச் சொல். மாமா, நீங்களாவது எழுதுங்கள். நடக்க முடிகிறதா, சாப்பிட முடிகிறதா என்பதை மட்டுமாவது எழுதுங்கள். படித்துக் காட்டுவது அருள்தாஸாக இருந்தாலும் பரவாயில்லை.

சுலோச்சனா


கொரட்டூர்
5-4-1983

அன்புத் தங்கை சுலோச்சனாவுக்குப் பக்கத்து வீட்டு பாக்கியமேரி எழுதுவது. கர்த்தர் கிருபையால் உன் அக்கா எழுந்து உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அவளுடைய வீட்டுக்காரர் பட்டறைக்குப் போன பிறகு என்னைக் கூப்பிட்டு எழுதச் சொல்கிறாள். வாயில் வருவதை அப்படியே எழுத வேண்டும், திருத்தக் கூடாது என்று கண்டிப்பு. இனி அவள் பேச்சு.

சுலோ, உன் லெட்டர் மூணும் வந்துட்ச்சி. வேணும்னுதான் பதில் போடல. உன் மேல எனக்குக் கோவம். கோவம் இல்லன்னு சொன்னா அது பொய்யி. ஆஸ்பத்திரில மூச்சு உள்ள போவாம கெடந்தன் பாரு, அப்போ எதுரு கட்டிலு அம்மா ஒருத்தி செத்துப்போனா. அவ பொண்ணு உன் வயசு. அத்தப் பாத்துக்கினே கெடந்தன். அப்புறம் உன் மாமா உன் லெட்டரப் படிச்சாரு. இந்தப் பொண்ணா இப்டிப் பண்ணிச்சின்னு எனுக்கு நம்பிக்கையே வரல. திட்டலாம்னா பேச தெம்பு இல்ல. தெம்பு வந்தப்போ திட்ட வார்த்த வரல. அப்டியே ரெண்டு மாசம் ஓடிட்ச்சி.

ஒண்ணு சொல்லணும். தலைக்கு ஊத்திக்கினேன்னு நீ எய்தினியே, அத உன் மாமா படிக்கச்சே கண்ண வேற பக்கம் வெச்சிக்கினு வேகமாத் தாண்டிட்டாரு. ஊர்ல ஜொரம்னு அதுக்கு முன்ன வரில கீது. எதுக்குடி இவ தலைக்கு ஊத்திக்கினான்னு எனுக்கு ஒரு நிமிசம் தோணிச்சி. கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்திச்சி. கேட்டா வராத பூடுவியோன்னு வுட்டுட்டன். உன் கை சூடா கீதுன்னு கேட்டப்பவும் நீ வெயிலுன்ன, நான் சரின்னுட்டன். அது மார்கழி மாசம். நாம ரெண்டு பேரும் சேந்துதான் பண்ணோம். இத உன் மாமாவாண்ட இன்னும் சொல்லல. சொல்லணும்.

அம்மா, இத அருள்தாஸ் படிச்சிக்கினு இருப்பாரு. இனிமே லெட்டர அவளாண்டயே குடு. இவ்ளோ நாள் போதும்.

இப்போ வூட்டுக்குள்ள நடக்கறன். கொழாயடி வரைக்கும் போவ முடியல. மூட்டு வலி கீது. மஞ்ச மாத்திரய மறுபடி ஆரம்பிச்சிட்டாங்க. நீ வந்து ஒரு மாசம் கூட இரு. சித்திர பொறந்து வர்ற ஞாயித்துக்கெயம உன் மாமா லீவு போட்டுக்கினு வந்து உன்ன இட்டுக்கினு வருவாரு. அவரே வந்து கூட்டாறேன்னாரு, நான் சொல்லல. நீ வராத இருந்தன்னா, இன்னும் நாங்க மொறச்சிக்கினு கீறோம்னு நீ நெனைக்கறன்னு அர்த்தம்.

அவ்வளவுதான் சொன்னாள். கடைசியில் தன் பெயரைத் தானே எழுதுவேன் என்று பேனாவை வாங்கிக்கொண்டிருக்கிறாள், விரல் மடங்கவில்லை, கொஞ்சம் பொறு.

சொக்க
ம்மாள்


திருப்புலிவனம்
13-4-1983

அக்காவுக்கும் மாமாவுக்கும் பாக்கியமேரி அக்காவுக்கும் வணக்கம். நீங்கள் மூவரும் சுகமாக இருக்க வேண்டும். நைனாவும் அம்மாவும் நன்றாக இருக்கிறார்கள்.

கடிதம் சனிக்கிழமை வந்தது. நான்கு நாளாகத் துணியை மடித்து வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தேன். இன்று காலை எழுந்ததும் இரண்டு தும்மல் வந்தது. மூக்கு ஒழுகுகிறது. இருமல் இல்லை. உடம்பு சுடவில்லை. நேற்று களத்தில் நெல் தூற்றிய தூசு என்று அம்மா சொல்கிறாள். இருக்கலாம், எனக்குத் தெரியவில்லை.

மாமா லீவு போட்டு வர வேண்டாம். கார்டு சனிக்கிழமைக்குள் கிடைக்க வேண்டும் என்று அருள்தாஸ் பையைக் கட்டுவதற்கு முன்னால் அவரை நிறுத்தி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அவர் என் தோளுக்கு மேல் படித்துக்கொண்டிருக்கிறார். படிக்கட்டும்.

அக்கா, நான் வராததற்கு நீ நினைக்கிற காரணம் எதுவும் இல்லை. மூக்கு ஒழுகுகிறது, அவ்வளவுதான்.

சுலோச்சனா